நாலுவாசல் காலனியில் ஒரு பூட்டு

மினிடோர் வண்டியிலிருந்து பீரோவை இறக்கிக்கொண்டிருந்தபோதே அந்தத் தெருவில் ஏதோ ஒன்று கற்பகவல்லியை உறுத்தியது. வீடுகள் சிவகாசியில் எங்கும் பார்க்கிற வீடுகள்தான். காரை பெயர்ந்த சுவர்கள், வாசலில் உட்கார்ந்து பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டும் பெண்கள், சாக்கடையில் சாயம் கலந்து ஓடும் ஊதாத் தண்ணீர். ஆனால் எந்த வீட்டின் மீதும் பார்வை நிற்கவில்லை. உள்ளே புகுந்து மறுபக்கம் வெளியேறிவிட்டது. முன்வாசல் வழியாகப் பார்த்தால் பின்வாசல், அதற்கப்பால் அடுத்த வீட்டின் வாசல், அதற்கும் அப்பால் மேய்ந்துகொண்டிருக்கும் ஒரு ஆடு.

“என்னத்தா, வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கிற? எங்க காலனியில எல்லா வீட்டுக்கும் நாலு வாசலு. காத்துக்குப் பஞ்சமில்ல” என்றாள் வள்ளித்தாய். அவள்தான் வீட்டுக்காரி. ஐம்பதைத் தாண்டியவள். தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை பார்த்துப் பார்த்து அவள் விரல் நுனிகள் கறுத்துப் போயிருந்தன.

பட்டாசுக் கம்பெனிகளில் மருந்து வேலை நடக்கும் அறைக்குத்தான் இப்படி எல்லாப் பக்கமும் வாசல் வைப்பார்கள் என்று கற்பகம் கேள்விப்பட்டிருந்தாள். தீப்பிடித்தால் கை எட்டும் பக்கமாக ஓடலாம். மனிதர்கள் குடியிருக்கும் வீட்டுக்கு இது எதற்கு என்று கேட்க நினைத்து, வந்த அன்றே கேட்பது சரியா என்று யோசித்து, கேட்காமல் விட்டாள். அவள் சுபாவம் அப்படி. சொந்த ஊரான மல்லாங்கிணற்றில் இருந்தபோதும் கேஸ் அடுப்பை அணைத்துவிட்டு ஒருமுறை பார்ப்பாள், வாசல்வரை போய்த் திரும்பி வந்து இன்னொரு முறை பார்ப்பாள்.

அவர்களுக்குக் கிடைத்தது வள்ளித்தாய் வீட்டின் ஒரு பகுதி. வாடகைக்கு விடுவதற்காகப் பக்கவாட்டு வாசல்களைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு. இரண்டிலும் உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது. வெளியே கொண்டி மட்டும் இருந்தது. “ராத்திரிக்கு ஒரு செங்கல முட்டுக் குடுங்க, போதும். எங்க காலனியில திருட்டுப் போனதே இல்ல” என்றாள் வள்ளித்தாய்.

அன்று மாலை பஜாருக்குப் புறப்பட்டுக் கதவைச் சாத்தி அவள் கணவன் விக்னேஷ்குமார் பூட்டை எடுத்ததும், குழாயடியிலிருந்து வள்ளித்தாய் கத்தினாள்.

“இருங்க தம்பி! கேக்காமப் பூட்டாதீக!”

“யார்ட்ட கேக்கணும்?”

வள்ளித்தாய் குடத்தோடு வந்தாள். கதவைத் திறந்து, காலியான அறைக்குள் தலையை நீட்டி, “உள்ள யாரும் இருக்கீகளா?” என்று உரக்கக் கேட்டாள். பிறகு ஒதுங்கி, வாசலுக்கு வழிவிட்டு நின்றாள். யாரோ செருப்பு மாட்டிக்கொண்டு வெளியே வருவதற்கு ஆகும் நேரம். அதன் பிறகு, “இப்பப் பூட்டுங்க” என்றாள்.

விக்னேஷுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அச்சகத்தில் மிஷின் இரைச்சலுக்கு மேல் பேசிப் பழகியவன். சாப்பாடு போடு என்பதைக்கூடத் தெருக்கோடிக்குக் கேட்கும்படிதான் சொல்வான். “கேட்டா மட்டும் போதுமா பெரியம்மா, வெத்தல பாக்கும் வைக்கணுமா?” என்று கத்தினான். குழாயடிப் பெண்கள் சிரித்தார்கள். வள்ளித்தாயும் சிரித்தாள். ஆனால் பூட்டு விழும்வரை அவள் அங்கிருந்து நகரவில்லை.

போகப் போக எல்லாரும் அப்படியே செய்வதைக் கற்பகம் கவனித்தாள். வேலைக்கு வேன் ஏறும் பெண்கள், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள், தண்ணி போட்டுத் தள்ளாடுகிற ஆண்கள்கூடப் பூட்டும் முன் கேட்டார்கள், ஒதுங்கி நின்றார்கள். நகராட்சிப் பலகையில் அந்த இடத்துக்கு வேறு ஏதோ பெயர் இருந்தது. டவுன் பஸ் கண்டக்டர் முதல் சிலிண்டர் போடுகிறவர் வரை எல்லாரும் நாலுவாசல் என்றே சொன்னார்கள்.

நாலுவாசல்காரர்களுக்கு வீடும் தெருவும் ஒன்றுதான். குழாயடிக்குப் போக ஒரு சந்து இருந்தாலும் யாரும் அதில் நடப்பதில்லை. வீடுகளுக்குள் புகுந்து போனார்கள். சோறு வடித்துக்கொண்டிருப்பாள் கற்பகம். முன்வாசலில் நுழையும் ஒருத்தி, “என்ன கொழம்பு?” என்று கேட்டபடியே பின்வாசலில் மறைவாள். முதல் வாரம் வேடிக்கையாக இருந்தது.

ஆவணி மாதம். பட்டாசுக்கும் சீசன், காலண்டருக்கும் சீசன். விக்னேஷுக்கு அச்சகத்தில் இரவு ஷிப்ட் போட்டார்கள். கட்டிங் மிஷினில் தாள்கட்டை நறுக்கும் வேலை. விடிந்தும் ஓவர்டைம் முடித்து உச்சிப் பொழுதுக்குத்தான் வீடு திரும்புவான். சாப்பிட்டுப் படுத்தால் கரண்ட் போய்விடும். அந்த வருஷம் மின்வெட்டு அப்படி. மறுபடி காற்றாடி சுற்ற ஆரம்பித்து அவன் கண் சொருகும்போது மாலை வந்துவிடும். கம்பெனி வேன்கள் காலனிக்குள் நுழையும். வேலை முடிந்த கூட்டம் மொத்தமும் வீட்டுக்குள் புகுந்து குழாயடிக்குப் போகும்.

“மாப்பிள்ளை இன்னும் எந்திரிக்கலையா?”

“பாவம், நைட்டு ஷிப்டு. எழுப்பாதீகடி.”

சொல்லிச் சொல்லியே எழுப்பினார்கள்.

ஒரு நாள் அவன் வலதுகை ஆள்காட்டி விரலில் துணி சுற்றிக்கொண்டு வந்தான். கண் அசந்த நேரத்தில் மிஷின் கத்தி இறங்கிவிட்டது. நகம் மட்டும் போயிருந்தது. “ஒரு நூல் தள்ளியிருந்தா நாலு வெரலும் தாளோட போயிருக்கும். சூப்பர்வைசர் கடைசியாச் சொல்லிட்டார், இன்னொரு தடவை அசந்தா மிஷின் பக்கம் வராதன்னு” என்றான். அன்று அவன் சத்தமாகப் பேசவில்லை. ஊரில் மழையில்லாமல் கிடக்கும் காட்டை நம்பித் திரும்பிப் போக முடியாது. அவனுக்கு இந்த வேலை வேண்டும். வேலைக்கு விரல் வேண்டும். விரலுக்குத் தூக்கம் வேண்டும்.

கற்பகம் முறையாகத்தான் யோசித்தாள். முதலில் பின்வாசலை அடைத்தாற்போல் கட்டிலை இழுத்துப் போட்டாள். அவள் அப்பா கல்யாணத்துக்குக் கொடுத்த இலவம்பஞ்சு மெத்தை அதில் கிடந்தது. பின்வழி அடைபட்டது. ஆனால் முன்வழியாகத் தலையை நீட்டி விசாரிப்பது நிற்கவில்லை. அவள் இருக்கும்வரை வாசலில் உட்கார்ந்து தடுத்தாள். மாலையில் அவளுக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு இருந்தது. அச்சகத்தில் டைப் அடிக்கும் வேலை கிடைக்கும் என்று சேர்ந்த வகுப்பு, விட மனமில்லை.

வெளியே பூட்டு தொங்கினால் வீட்டில் ஆள் இல்லை என்று போய்விடுவார்கள். அவ்வளவுதானே. அச்சகத்துக்கு அவன் புறப்படுவதற்கு முன் அவள் வந்து திறந்துவிடலாம்.

அன்று மாலை கொசுவத்தி ஏற்றிவைத்தாள். கேஸைப் பார்த்தாள், மறுபடி பார்த்தாள். கதவைச் சாத்தினாள். வழக்கம் ஞாபகம் வந்தது. ஆனால் உள்ளே தலையை நீட்டிக் கத்தினால் அவன் விழித்துக்கொள்வானே? விழிக்காமல் இருக்கத்தானே பூட்டே? தெருவில் யாரும் பார்க்கவில்லை.

அவள் கேட்காமல் பூட்டினாள். பூட்டை இழுத்துப் பார்த்தாள். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இன்னொரு முறை இழுத்துப் பார்த்தாள்.

வகுப்பு முடிந்து வந்து திறந்தபோது அவன் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தான். ஆனால் கட்டிலின் நடுவில் இல்லை. சுவரோரமாக, முழங்காலை மடக்கி, தன்னால் முடிந்த அளவு சின்னதாகச் சுருண்டு கிடந்தான். பக்கத்தில் படுத்திருப்பவர்களுக்கு இடம் விட்டதைப் போல.

“நல்லாத் தூங்குனீகளா?”

“தூங்கினேன்” என்றான். பிறகு, “யார்ட்டயும் சாவி குடுத்துட்டுப் போனியா?” என்று கேட்டான்.

“இல்லையே. ஏன்?”

“பொம்பளையாளுக நெறைய வந்து உக்காந்திருந்தாக. ஒருத்தரும் பேசல. சும்மா உக்காந்திருந்தாக.”

“கனவு கண்டிருப்பீக.”

“அப்படித்தான் இருக்கும்.”

கனவுதான் என்று அவளும் நினைத்தாள். பகலில் தூங்குகிறவர்களுக்குக் கண்டபடி கனவு வரும். ஆனால் அறையில் ஒரு வாடை இருந்தது. கந்தகமும் வியர்வையும் கலந்த, நெருக்கமாக ஆட்கள் அடைந்திருந்த இடத்தின் வாடை. சிவகாசியில் கந்தக வாடைக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. வியர்வை வாடைக்குத்தான் அவளால் காரணம் சொல்ல முடியவில்லை.

அடுத்த நாளும் பூட்டினாள். அதற்கடுத்த நாளும்.

விக்னேஷின் முகம் தெளிந்தது. மிஷினில் அசரவில்லை. சூப்பர்வைசர்கூட டீ வாங்கிக் கொடுத்தாராம். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் கற்பகத்துக்கு ஒன்று உறைத்தது. வீடு அமைதியாக இருந்தது. அவன் சோறு கேட்பது தெருவுக்குக் கேட்கவில்லை. அடுப்படியில் நிற்கும் அவளுக்கே கேட்கவில்லை. பக்கத்தில் வந்து காதோடு சொல்ல ஆரம்பித்திருந்தான்.

“ஏங்க, தொண்ட கட்டியிருக்கா?”

அவன் இல்லையென்று தலையாட்டினான். பிறகு வாசலைப் பார்த்துவிட்டு, உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னான்.

“சத்தம் காட்டக் கூடாது.”

“யாரு சொன்னா?”

அவன், தான் என்ன சொன்னோம் என்பதே தெரியாதவனைப் போல அவளைப் பார்த்தான்.

மறுநாள் அவள் பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் வள்ளித்தாய் நின்றாள்.

“தம்பி எங்க?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “தூங்குறாக” என்றாள்.

வள்ளித்தாயின் கையிலிருந்த சாப்பாட்டுத் தூக்கு கீழே விழுந்தது. “ஏ புள்ள… உள்ள ஆள வச்சா பூட்டுற? கேட்டியா?”

“கேட்டா முழிச்சுக்கிருவாகன்னு…”

“தெற. தெறங்கிறேன்ல!”

அவள் திறந்தாள். விக்னேஷ் சுவரோரம் சுருண்டு கிடந்தான். வள்ளித்தாய் உள்ளே போகவில்லை. வாசலில் நின்று, “வாங்க ஆத்தா, வெளிய வாங்க” என்று மெதுவாகச் சொன்னாள். அவனிடம் சொல்லவில்லை. அறையிடம் சொன்னாள். பிறகு கற்பகத்தைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குழாயடிக் கல்லில் உட்காரவைத்தாள்.

“இந்த எடம் என்னன்னு தெரியுமா ஒனக்கு?”

காலனி வருவதற்கு முன் அங்கே ஒரு பட்டாசுக் கம்பெனி இருந்தது. வள்ளித்தாய் பாவாடை கட்டிய பருவத்திலேயே அங்கே திரி முறுக்கினாள். அவள் அக்கா பொன்னுத்தங்கம் மருந்து அறையில் வேலை பார்த்தாள். சீசன் நேரத்தில் ஆர்டர் குவிந்துவிட்டால் அனுமதித்ததைவிட அதிகமாக ஆள் சேர்ப்பார்கள். அதிகாரிகள் சோதனைக்கு வரும் ஜீப் தூரத்துப் பொட்டலில் புழுதி கிளப்பியதும், கூடுதலாக இருக்கும் பெண்களை எல்லாம் ஸ்டாக் ரூமுக்குள் தள்ளி வெளியே பூட்டிவிடுவார்கள். அது வழக்கம்தான். பெண்கள் சிரித்துக்கொண்டே போவார்கள். கொஞ்ச நேரம் வேலை இல்லாமல் உட்காரலாம் என்று.

“போர்மன் ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுவாரு. ஜீப்பு போற வரைக்கும் சத்தம் காட்டாதீகன்னு.”

அப்படிப் பூட்டிய ஒரு நாள், ஆபீஸில் அதிகாரிக்குக் கலர் சோடா உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் ஒரு மருந்து அறை வெடித்தது. ஜீப் போனது, முதலாளி ஓடினார், போர்மனும் ஓடிவிட்டார். சாவி அவர் இடுப்பில் இருந்தது. நாலு வாசல் அறைகளில் இருந்தவர்கள் எல்லாரும் தப்பித்தார்கள். பொட்டலில் நின்று யார் யார் இல்லை என்று தேடியபோதுதான் ஸ்டாக் ரூம் ஞாபகம் வந்தது. அதற்கு ஒரு கதவுதான். பொன்னுத்தங்கமும் அதற்குள் இருந்தாள்.

“கத்தியிருந்தா நாங்க கேட்டிருப்போம்த்தா. கல்ல வச்சாவது ஒடச்சிருப்போம். அவுக கத்தவே இல்ல. ஜீப்பு இன்னும் நிக்குதுன்னு நெனச்சுக்கிட்டு, தீ மேல வந்து புடிக்கிற வரைக்கும் ஒருத்தி வாய ஒருத்தி பொத்திக்கிட்டு இருந்திருக்காளுக. கெடந்த கோலம் அப்படி.”

செத்தவர்களின் குடும்பங்களுக்கு அந்த நிலத்தையே பிரித்துக் கொடுத்தார்கள். கையில் ஒன்றும் இல்லாத ஜனங்கள், இடிந்த ஸ்டாக் ரூமின் கல்லையே பங்கு போட்டு எடுத்துக் கட்டினார்கள். எல்லா வீட்டுச் சுவரிலும் அந்தக் கல் இருந்தது. அதனால்தான் நாலு வாசல். அதனால்தான் பூட்டும் முன் கேட்பது.

“கேட்டா பதில் வராது. சத்தம் காட்டக் கூடாதுல்ல? ஆனா எந்திரிச்சு வெளிய வந்துருவாக. அதுக்குத்தான் ஒதுங்கி நிக்கிறது. கேக்காமப் பூட்டுனா, அவுகளுக்கு அது ஜீப்பு வந்த நாளுதான். உள்ள வேற ஆளும் இருந்தா, அவுகளையும் சத்தம் காட்டவிட மாட்டாக. கெடுதலுக்கு இல்ல. காப்பாத்தத்தான்.”

இனிப் பூட்டுவதில்லை என்று கற்பகம் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். அதில் உறுதியாகவும் இருந்தாள். ஒரு வாரம்போல வகுப்புக்குப் போகாமல் வாசலில் உட்கார்ந்து காவல் காத்தாள். ஆனால் விக்னேஷுக்குத் தூக்கம் வரவில்லை. புரண்டான், எழுந்து உட்கார்ந்தான், திறந்த கதவையே வெறித்தான். கண்கள் குழி விழுந்துவிட்டன. அச்சகத்தில் மறுபடி அசந்து, பக்கத்திலிருந்தவன் இழுத்துவிட்டதால் கை தப்பியதாம்.

வகுப்பில் தேர்வு வைத்த அன்று அவனே பூட்டை எடுத்து அவள் கையில் வைத்தான்.

“பூட்டிட்டுப் போ, கற்பகம்.” காதோடுதான் சொன்னான். “பூட்டுனாத்தான் எனக்குத் தூக்கம் வருது.”

“வேணாங்க. பெரியம்மா சொன்னது…”

“இன்னைக்கு ஒரு நாள். ராத்திரி கை போயிரும்டி.”

துணி சுற்றிய விரலைப் பார்த்தாள். வள்ளித்தாய் சொன்னது கதையாக இருக்கலாம். இந்த விரல் கதை இல்லை. கொசுவத்தி ஏற்றினாள். அவன் அதற்குள் கண்ணை மூடியிருந்தான், குழந்தையைப் போல. கேட்டுவிட்டாவது பூட்டலாம் என்று வாய் திறந்தாள். சத்தம் வரவில்லை. அவன் தூங்கட்டும் என்று நினைத்ததால்தானா, வேறு எதனாலுமா என்று அப்போது அவள் யோசிக்கவில்லை.

பூட்டினாள்.

வகுப்பில் பாதித் தேர்வில் கரண்ட் போனது. கம்ப்யூட்டர் திரைகள் ஒன்றாக அணைந்து அறை இருண்டது. கேஸை அணைத்தேனா? அணைத்தேன், பார்த்தேன். கொசுவத்தியை எங்கே வைத்தேன்? வழக்கமாகக் கட்டிலுக்குத் தள்ளி, சுவரோரம் வைப்பாள். இன்று பூட்டைக் கையில் வைத்துக்கொண்டே ஏற்றினாள். எங்கே வைத்தேன்?

எங்கே வைத்தேன்?

பஸ்ஸுக்கு நிற்காமல் ஓடினாள். காலனிக்குள் நுழைந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. ஒரு வீட்டிலும் விளக்கில்லை. புழுக்கம் தாங்காமல் எல்லாரும் வாசலில் உட்கார்ந்து காகிதத்தால் விசிறிக்கொண்டிருந்தார்கள்.

“பெரியம்மா! கருகுற வாடை வரலையா?”

“இந்த ஊர்ல எந்த நேரம்த்தா வராம இருந்துச்சு?” என்று சிரித்துக்கொண்டே திரும்பிய வள்ளித்தாய், அவள் கையில் சாவியைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

கதவின் அடியிலிருந்து புகை நூல் நூலாக வந்துகொண்டிருந்தது.

சாவி திரும்பியது. பூட்டு கழன்றது. கொண்டியை விலக்கித் தள்ளினாள்.

கதவு திறக்கவில்லை.

இறுகியும் இருக்கவில்லை. கூட்டம் நெருக்கும் பஸ்ஸின் கதவைத் தள்ளினால், உள்ளே நிற்பவர்களின் முதுகில் பட்டு மெத்தென்று திரும்பி வருமே, அப்படித் திரும்பி வந்தது.

“ஏங்க! ஏங்க!”

பதில் இல்லை. இருமல்கூட இல்லை. எரியும் அறைக்குள் இருக்கும் ஒருவன் இருமாமல் இருப்பானா? காதை வைத்தாள். உள்ளே நிறைய மூச்சுகள் கேட்டன. அவள் காதை வைத்ததும் அவை எல்லாம் ஒன்றாக நின்றன.

கதவுக்கும் நிலைக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி இருந்தது. கண்ணை வைத்துப் பார்த்தாள். பின்வாசலை அடைத்துக் கிடந்த மெத்தை கங்காகப் புகைந்துகொண்டிருந்தது. அந்தச் சிவந்த வெளிச்சத்தில், கதவுக்குப் பக்கத்திலேயே விக்னேஷ் தரையில் குந்தியிருந்தான். இரண்டு பக்கமும் நெருக்கிப் பிடித்ததைப் போலத் தோளைக் குறுக்கியிருந்தான். கண்ணில் நீர் வழிந்தது. அவளைப் பார்த்தான். அவன் இரண்டு கைகளும் முழங்காலைக் கட்டியிருந்தன.

அவன் வாயின் மேல் ஒரு கை இருந்தது.

சின்னக் கை. அலுமினியப் பொடி அப்பிப் பளபளக்கும் கை.

“கேளு புள்ள!” வள்ளித்தாய் பின்னாலிருந்து அவளை உலுக்கினாள். “கேட்டுட்டு, ஜீப்பு போயிருச்சுன்னு சொல்லு!”

“உள்ள… உள்ள யாரும் இருக்கீகளா?” குரல் பிசிறியது. மறுபடி கத்தினாள். “ஜீப்பு போயிருச்சு! வெளிய வாங்க!”

வாசல்களில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். யாரும் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. பெண்கள் சந்தின் இரண்டு பக்கமும் ஒதுங்கி, நடுவே வழி விட்டு நின்றார்கள். அந்த இருட்டில் ஒருத்தி சொன்னாள், “ஜீப்பு போயிருச்சுக்கா.” இன்னொருத்தி சொன்னாள், “போயிருச்சு சித்தி, வாங்க.” பிள்ளைகளும் சொன்னார்கள். வள்ளித்தாய் மட்டும் பெயரைச் சொல்லி அழைத்தாள். “பொன்னுத்தங்கக்கா, வாக்கா. எல்லாரும் போயிட்டாக.”

கதவு தானாக, தயங்கித் தயங்கித் திறந்தது.

முதலில் சூடு வந்தது. அதன்பின் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் ஒதுங்கி நின்ற கற்பகத்தின் புறங்கையில் ஒரு சேலை முந்தானை உரசிக்கொண்டு போனது. பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று. உரசல் நின்றதும் உள்ளே பாய்ந்து, அவன் அக்குளில் கை கொடுத்துத் தெருவுக்கு இழுத்துப் போட்டாள். அதற்குள் ஆண்கள் குடத்துத் தண்ணீரோடு ஓடி வந்துவிட்டார்கள்.

இடது பாதம் வெந்திருந்தது. ஆஸ்பத்திரியில் புண்ணைக் கழுவியபோதும் அவன் கத்தவில்லை. தொண்டையில் கோளாறு ஒன்றும் இல்லை, பயத்தில் பேச்சு அடைத்திருக்கும், தானாக வரும் என்றார் டாக்டர். புண் ஆறியது. பேச்சு வரவில்லை. காதோடு பேசியதும் போய்விட்டது. சாப்பிட்டான், நடந்தான், கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தான். பார்த்த பார்வையில் அவளை அடையாளம் தெரிந்துகொண்டதற்கான சலனம் எதுவும் இல்லை. ஊருக்கே வந்துவிடுங்கள் என்று அப்பா சொல்லியனுப்பினார். விரல் தப்பியது, உயிர் தப்பியது, ஆளை மட்டும் எப்படியாவது மீட்டுவிட வேண்டும் என்று கற்பகமும் முடிவு செய்தாள். இந்தக் கல்லை விட்டுத் தூரமாகக் கொண்டுபோனால் மீண்டுவிடுவான்.

நல்ல வெயிலடிக்கும் காலையில் சாமான்களை ஏற்றினார்கள். மினிடோர்க்காரர் சங்கிலிமுத்து கயிறு போட்டு இறுக்கினார். விக்னேஷ் முன் இருக்கையில் ஏறி, மடியில் கைகளை வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தான். கற்பகம் அறையை ஒருமுறை பெருக்கினாள். கருகிய தரையும், வெள்ளையடிக்காத சுவரும், வேறொன்றும் இல்லை. வெளியே வந்து, பூட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, வழக்கப்படி உள்ளே தலையை நீட்டினாள்.

“உள்ள யாரும் இருக்கீகளா?”

ஒதுங்கி, வழிவிட்டு நின்றாள்.

“இருக்கேன், கற்பகம்!”

தெருக்கோடி வரைக்கும் கேட்கும் குரல். மிஷின் இரைச்சலுக்கு மேல் பேசிப் பழகிய குரல்.

“எங்க போற? பூட்டிராத!”

அவள் திரும்பி வண்டியைப் பார்த்தாள். விக்னேஷ் ரோட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான். அவன் உதடுகள் மூடியிருந்தன.

“நேரமாகுதும்மா, பூட்டிட்டு ஏறுங்க” என்றார் சங்கிலிமுத்து.

அவள் நகரவில்லை. வள்ளித்தாய் அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்று, அறையைப் பார்த்தாள், வண்டியில் இருப்பவனைப் பார்த்தாள்.

“என் மகன் விருதுநகர்ல வீடு கட்டிப் போட்டு வருஷக்கணக்காக் கூப்பிடுறான்” என்றாள் தணிந்த குரலில். “நானும் ஒரு தடவ இதே மாதிரிச் சாமான ஏத்துனவதான்த்தா. அன்னைக்கு மட்டும் அக்கா வாயத் தொறந்து கூப்பிட்டா. எப்படிப் பூட்டிட்டுப் போறது, சொல்லு?”

பிறகு சங்கிலிமுத்துவைப் பார்த்து, “ஏலே, கயித்த அவுரு. எறக்கு” என்றாள்.

கயிறு அவிழ்ந்தது. பீரோ இறங்கியது. விக்னேஷைக் கைபிடித்து இறக்கி வாசலுக்குக் கூட்டி வந்தாள் கற்பகம். நிலைக்கு இந்தப் பக்கமே அவன் நின்றுகொண்டான். எவ்வளவு இழுத்தும் உள்ளே வரவில்லை.

அவள் மட்டும் உள்ளே ஓரடி வைத்தாள்.

காலி அறையில், சிமெண்டுத் தரையின் மேல் சேலைகள் உராயும் சத்தம் கேட்டது. நெருக்கமாக உட்கார்ந்திருப்பவர்கள், புதிதாக வரும் ஒருத்திக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து இடம் விட்டுக்கொண்டிருந்தார்கள்.